அணைந்த தீயும் அணையாத கேடும்

தீயின் கொடுமையை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. 1981 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு நம் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ணாற் கண்டோர் இன்றும் நம்மிடை உளர். ஆயின், பிறர்மனைத் தீயை அவிக்கச் செல்வோனுடைய உடலில் அத்தீ யாது செய்கின்றது என்பதை நாம் எண்ணியதுண்டோ?

2022 ஆம் ஆண்டில், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம், தீயணைப்புத் தொழிலைப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதற் பிரிவிலே சேர்த்தது. 2007 இல் 'விளைக்கக்கூடும்' என்ற அளவில் நின்ற கருத்து இவ்வாறு உறுதியாயிற்று. நுரையீரலைச் சூழ்ந்த சவ்விலே பெரும்பாலும் தோன்றும் மீசோதீலியோமா, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆகிய இரண்டிற்கும் போதிய சான்று உண்டென அது கூறிற்று.

கரி பொல்லாதது என்பது புதிய செய்தியன்று. புகைபோக்கி துடைப்போர்க்கு வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே ஏதுவென இலண்டன் மருத்துவர் பேர்சிவல் பொற் 1775 இலேயே காட்டினார். ஓலையும் மரமும் மாத்திரம் எரிந்த காலமும் போயிற்று. இன்று மெத்தையும் பிளாஸ்ரிக்கும் மின்கம்பியும் எரிந்து பென்சீன் முதலிய நஞ்சுகளைக் கக்குகின்றன. நம் வீடுகள் பலவற்றை மூடிநிற்கும் அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகடு தீயில் வெடித்துச் சிதறுங்கால் நுண்ணிழைகள் காற்றிற் கலக்கும். அவற்றால் வரும் நோய் வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகள் செல்லலாம். அதற்குள் அவன் தொழிலை விட்டும் நீங்கியிருப்பான்.

'தீயணைப்போன்' என்னும் சொல்லே நம்மை ஒருவாறு மயக்குகின்றது. தீ அணைந்தவுடன் அவன் கடமை முடிந்ததென எண்ணுகிறோம். உண்மையோ வேறு. கனன்று புகையும் சாம்பலைக் கிளறும் வேளையிலேதான் பலர் மூச்சுக்கருவியைக் கழற்றுகின்றனர். கல்லுண்டாய்க் குப்பைமேட்டில் தீப்பற்றும்போது எழும் புகையைத் தொலைவில் நின்றே நம்மாற் பொறுக்க முடிவதில்லை. மாநகரசபைத் தீயணைப்புப் படையினரோ அதன் நடுவே நிற்க வேண்டியவர்கள்.

காக்கும் வழிகள் அரியனவல்ல. புகை முற்றாக அடங்குமளவும் மூச்சுக்கருவியைக் கழற்றலாகாது. களத்திலேயே உடுப்பின் கரியை நீரால் அலசி, முகம், கழுத்து, கைகளைத் துடைத்து, நிலையத்தை அடைந்தவுடன் குளித்தல் வேண்டும். கரிபடிந்த உடுப்பை வண்டியினுள் உடன்கொண்டு செல்லலாகாது. வீட்டுக்குக் கொண்டுபோதலோ பெருந்தீங்கு. அவ்வுடுப்பு துவைக்கப்படும்போது அணிய மற்றோர் உடுப்பு வேண்டும். எவர், எந்நாளில், எத்தகைய தீயில் நின்றார் என்னும் குறிப்பும் பேணப்படல் வேண்டும்.

கனடாவின் மனிற்றோபா மாகாணம் 2002 இல், தீயணைப்போர்க்கு வரும் குறித்த சில புற்றுநோய்களைத் தொழிலால் வந்தனவென்றே கொள்ளச் சட்டம் வகுத்தது. நோயுற்றவன் ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. அத்தகைய சட்டம் இங்கு வேண்டுமென்று கேட்பது நம் கடன். அதற்கு முன்னரே, ஆளுக்கு இரண்டாவது உடுப்பையும் குளிக்க நீரையும் உள்ளூராட்சி மன்றங்கள் அளித்தல் கூடும். கரிபடிந்த உடுப்பை வீரத்தின் அடையாளமெனப் போற்றுதல் ஒழிக. அதனைத் துவைத்தலே அவ்வீரனுக்கு நாம் செய்யும் மரியாதை.