சேற்றில் பூத்த தாமரை
(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

ஏட்டைப் படித்தவன் அறிஞன், உளியைப் பிடித்தவன் வெறும் வேலையாள் என்றதோர் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. சென்ற கோடை விடுமுறைவரை எனக்கும் இருந்தது. அதைப் போக்கியது நகத்தளவுச் சிப்பித் துண்டு ஒன்று.

கிட்டாரின் கழுத்தில் விரல்கள் ஓடும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஈட்டி அல்லது கருங்காலி மரத்தால் ஆனது. 3, 5, 7, 9 ஆகிய மெட்டுகளையொட்டி ஒவ்வொரு வெண்புள்ளியும், 12-ஆம் மெட்டையொட்டி இரண்டு புள்ளிகளும் பதித்திருப்பார்கள். 12-ஆம் மெட்டில் அழுத்தினால் அதிரும் கம்பியின் நீளம் பாதியாகும், அதிர்வெண் இரட்டிக்கும், அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். அதனால்தான் அந்த இடத்திற்கு இரட்டை மரியாதை!

என் அண்ணன் தம் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய கிட்டாரில், அவ்விரு புள்ளிகளுக்குப் பதிலாக ஒரு தாமரையைப் பதிக்க ஆசைப்பட்டேன். அவரும் நம்பிக் கொடுத்தார். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள முத்துச்சிப்பித் தகட்டைப் பொற்கொல்லரின் மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன். ஒரே மாலையில் ஏழு ரம்ப இழைகள் ஒடிந்தன. ஆயினும் இதழ்கள் அழகாகவே வந்தன. மரத்தில் குழி தோண்டும்போதுதான் வினை வந்தது. அவசரத்தில் உளி கோட்டைத் தாண்டிவிட்டது. இடைவெளியை மரத்தூளும் பசையும் கலந்து நிரப்பினேன். பசையில் நனைந்த ஈட்டித்தூள் கறுத்துப்போய், தாமரையைச் சுற்றி ஒரு கரிய வளையம் விழுந்தது. உப்புத்தாள் போட்டதில் அருகிலிருந்த மெட்டுகளிலும் கீறல்!

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தாமரை சேற்றில்தானே பூக்கும், போடா தம்பி!" என்று சிரித்தார். அவர் திட்டியிருந்தால் கூட இவ்வளவு வலித்திராது.

பிறகுதான் முறையாகத் தொடங்கினேன். புதிதாகக் கற்பவன் கிட்டாரைத் தொடவே கூடாது. கழிவு மரத்துண்டு போதும். முதலில் வெறும் வட்டப்புள்ளி. அதே அகலத்தில் துளையிட்டு, சிப்பி ஒரு மயிரிழை மேலே நிற்கும்படி ஒட்டி, காய்ந்தபின் மட்டமாக அராவ வேண்டும். பத்துப் புள்ளிகள் சரியாக அமைந்த பின்னரே இலையும் பூவும். அறுத்த துண்டை மரத்தின்மேல் வைத்து ஊசியால் சுற்றிக் கீறி, கீறலில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தால் கோடு பளிச்சென்று தெரியும். கோட்டுக்கு உள்ளேயே செதுக்கி, வைத்துப் பார்த்து, மீண்டும் ஒரு சீவல், மீண்டும் வைத்துப் பார்த்தல். சிப்பித்தூள் நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் மூடாமல் அறுக்கலாகாது.

"பிளாஸ்டிக் புள்ளியை ஒட்டினால் போதாதா? கணினியால் இயங்கும் இயந்திரம் நொடியில் செதுக்கித் தருமே?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. உண்மைதான். பதிப்பு வேலையால் கிட்டாரின் ஒலி கடுகளவும் உயராது. தஞ்சாவூர் வீணையில் தந்த அலங்காரம் இருந்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் இருக்கிறது. அதனால் நாதம் குறைந்துவிடவில்லை. ஆகவே கருவிக்காக இந்த வேலையைக் கற்கச் சொல்லவில்லை, கற்பவனுக்காகவே சொல்கிறேன்.

தேர்வுக்கு முதல்நாள் இரவு விழித்துப் படித்தே மூன்றாண்டுகளை ஓட்டிவிட்டோம். தெரியாத வினாவுக்கும் நான்கு பக்கம் எழுதினால் ஏதோ மதிப்பெண் விழும். சிப்பியிடம் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. குழி பெரிதென்றால் பெரிதுதான்! பூசி மெழுகினால் அதுவே கறுப்பாக நின்று காட்டிக்கொடுக்கும். பொறுமை, அளவு, தன் தவற்றைத் தானே காணும் நேர்மை, இம்மூன்றையும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்ன பாடம் வேறில்லை.

ஆகவே நம் கல்லூரியிலும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஏதேனும் ஒரு கைவேலைக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. மரமோ, மண்ணோ, நூலோ, எதுவாயினும் சரி. அதற்கு மதிப்பெண் மட்டும் வேண்டாம்; மதிப்பெண் வந்தால் பூசி மெழுகலும் கூடவே வந்துவிடும்!

இப்போது எனக்கு ஓரளவு கை பழகிவிட்டது. அந்தத் தாமரையைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் பதித்துத் தருகிறேன் என்றேன். அண்ணன் சம்மதிக்கவில்லை. கரிய வளையத்தோடு அது அங்கேயே இருக்கிறது. அவர் வாசிக்கும்போதெல்லாம் நானும் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.