கேட் இருக்கிறது, ஹாரன் எதற்கு?

தண்டவாளம் ஊருக்கு நடுவே போகும் அமெரிக்கச் சிற்றூர்களில், நகரசபைக் கூட்டத்தில் ரயில் ஹாரன் பற்றிய புகார் எழாமல் போவது அரிது. நள்ளிரவு இரண்டு மணிக்குச் சரக்கு ரயில் வருகிறது. ஐந்து தெருக்கள் அடுத்தடுத்துத் தண்டவாளத்தைக் கடக்கின்றன என்றால் ஐந்துக்கும் தனித்தனியாக ஊத வேண்டும்: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். ஒரு தெருவுக்கான கடைசி ஊதல் முடிவதற்குள் அடுத்த தெருவுக்கான முதல் ஊதல் தொடங்கிவிடும். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழும்.

புகாரில் நியாயம் உண்டு. ரயில் சத்தம் இரவில் சராசரியாக 44 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவுக்கான 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஊதும் நேரத்தில் இன்ஜின் ஹாரன் நூறு அடி தூரத்தில் குறைந்தது 96 டெசிபல். தூக்கம் கெட்டவரிடம் போய் “பழகிவிடும்” என்று சொல்வது மரியாதையல்ல.

ஆனால் புகாரோடு சேர்ந்தே ஒரு முடிவும் வருகிறது. “விளக்கு மின்னுகிறது, மணி அடிக்கிறது, கேட் இறங்குகிறது. பிறகு எதற்கு ஹாரன்? நீராவி இன்ஜின் காலத்துப் பழக்கத்தை நிறுத்துங்கள்” என்கிறார்கள். இந்த முடிவு தவறு. அதைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“கேட் இருந்தால் போதும்”

தமிழ்நாட்டு ரயில்வே கேட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த வாதம் சரி என்றே தோன்றும். நம்மூர் கேட் சாலையை முழு அகலத்துக்கும் அடைக்கும். அமெரிக்காவில் பரவலாக இருக்கும் தானியங்கி கேட் அப்படியல்ல. தண்டவாளத்தை நோக்கி வரும் பாதியை மட்டும் அது மறிக்கும். எதிர்ப்பக்கம் வெளியேறும் பாதி திறந்தே கிடக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட வண்டி தப்பித்துப் போக அந்த இடைவெளி வேண்டும். அதே இடைவெளி வழியாகத்தான் அவசரக்காரரும் வண்டியை வளைத்து ஒடித்து உள்ளே நுழைகிறார்.

ரயில் வருவதற்குக் குறைந்தது 20 விநாடிகள் முன்பே எச்சரிக்கை தொடங்கியாக வேண்டும் என்பது விதி. நின்றுவிட்டால் ஒரு மைல் நீளச் சரக்கு ரயில் கடந்து முடியும்வரை காத்துக்கிடக்க வேண்டும் என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். கார் கண்ணாடி ஏற்றியிருக்கிறது, ஏ.சி. ஓடுகிறது, பாட்டு ஒலிக்கிறது. கேட்டைப் பார்த்தால் ரயில் எங்கோ வருகிறது என்றுதான் தெரியும். எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதை ஹாரன்தான் சொல்லும். இரட்டைப் பாதை என்றால் ஆபத்தும் இரட்டிப்பு. ஒரு ரயிலின் கடைசிப் பெட்டி போனதும், கேட் இன்னும் ஏறவில்லையே என்று யோசிக்காமல் ஒருவர் வண்டியைக் கிளப்புகிறார். போய்க்கொண்டிருக்கும் பெட்டிகளின் மறைவில் எதிர்த்திசை ரயில் வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது.

இதெல்லாம் வெறும் யூகம் என்பவர்களுக்கு ஃபுளோரிடாவின் அனுபவம் பதில் சொல்லும். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஹாரனைத் தடைசெய்ய உள்ளாட்சிகளுக்கு அனுமதி தரும் மாநிலச் சட்டம் அங்கே 1984 ஜூலையில் அமலுக்கு வந்தது. கேட், விளக்கு, மணி, எச்சரிக்கைப் பலகை எல்லாம் இருக்கும் கிராஸிங்குகளுக்கு மட்டுமே அந்த அனுமதி. ஃபுளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் ரயில்வேயின் பாதையில் ஊர் ஊராகத் தடை வந்தது. தடை வந்த கிராஸிங்குகளில் இரவு விபத்து விகிதம் 195 சதவீதம் ஏறியதாக மத்திய ரயில் நிர்வாகத்தின் 1990ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. அதே கிராஸிங்குகளில் பகல் விபத்து விகிதம் ஏறக்குறைய மாறவே இல்லை. அதே சாலை, அதே கேட், அதே ஊர்க்காரர்கள். இரவில் ஹாரன் மட்டும் இல்லை. 1991 ஜூலையில் மத்திய நிர்வாகம் அவசர உத்தரவு போட்டு ஹாரனைத் திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரவு விபத்து 68.6 சதவீதம் இறங்கியது. கேட் போதும் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

“ஓட்டுநர் வேண்டுமென்றே அலறவிடுகிறார்”

பலர் நம்பும் கட்டுக்கதை இது. எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தமாக ஊத வேண்டும் என்பதெல்லாம் 2005 ஜூன் 24 அன்று அமலுக்கு வந்த மத்திய விதியில் இருக்கிறது. கிராஸிங்கை எட்ட 15 முதல் 20 விநாடிகள் இருக்கும்போது தொடங்கி, இன்ஜின் சாலைக்குள் நுழையும்வரை ஊத வேண்டும். எவ்வளவு வேகமாக வந்தாலும் கால் மைலுக்கு முன்னால் தொடங்கக் கூடாது. ஊதாமல் விட்டால் பிறகு கணக்குக் கேட்பார்கள்.

விதி சத்தத்தைக் கூட்டத்தான் செய்தது என்பதும் சரியல்ல. உச்ச வரம்பு 110 டெசிபல் என்று அது கட்டியும் போட்டது. அதற்கு முன் பல மாநிலங்களில் வேகம் எதுவானாலும் கால் மைல் தூரம் முழுக்க ஊத வேண்டியிருந்தது. மெதுவாக ஊர்ந்துவரும் ரயில் ஒரு நிமிடம் அலறும். இன்று தூரத்துக்குப் பதில் நேரம்தான் அளவு.

“ஊதுவதற்குப் பதில் மெதுவாகப் போகட்டும்”

மணிக்கு 55 மைல் வேகத்தில் வரும் சரக்கு ரயில், அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஒரு மைலோ அதற்கு மேலோ ஆகும். தண்டவாளத்தில் நிற்கும் காரை ஓட்டுநர் கண்ணால் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். அவர் கையில் மிஞ்சியிருப்பது ஹாரன் மட்டுமே. சரி, வேகத்தைப் பாதியாக்கினால்? ஊதும் நேரம் அப்போதும் அதே 15 முதல் 20 விநாடிதான். கேட் மட்டும் இன்னும் அதிக நேரம் மூடிக்கிடக்கும். காத்திருப்பு நீள நீள, வளைத்துக்கொண்டு போகிறவர்களும் பெருகுவார்கள்.

“செல்போன் வரைபடம் எச்சரிக்குமே”

கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் 2015இல் நடந்த விபத்துக்குப் பிறகு, ரயில் கிராஸிங்குகளை வழிகாட்டும் செயலிகளில் சேர்க்கும்படி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே பரிந்துரைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் கிராஸிங் எங்கே இருக்கிறது என்று செயலி சொல்லும். ரயில் வருகிறதா என்று சொல்லாது. செயலியே இல்லாத சைக்கிள்காரரும் நடந்து போகிறவரும் என்ன செய்வார்கள்?

“பக்கத்து ஊரில் ஹாரன் இல்லையே”

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். உண்மைதான், பல ஊர்களில் ரயில்கள் வழக்கமாக ஊதுவதில்லை. சிகாகோ வட்டாரத்தின் ஆறு கவுண்டிகளில், விதிக்கு முன்பே ஹாரன் ஊதாமலிருந்த கிராஸிங்குகளுக்கு விதியிலேயே விலக்கு இருக்கிறது. அதைக் காட்டி மற்ற ஊர்கள் உரிமை கோர முடியாது. மற்ற ஊர்களுக்கு உள்ள வழி, ‘அமைதி மண்டலம்’ என்ற அனுமதியைப் பெறுவது. பக்கத்து ஊர் அதை மனு கொடுத்து மட்டும் பெறவில்லை. கணக்குக் காட்டிப் பெற்றது.

அந்தக் கணக்கு இப்படி. கேட் உள்ள கிராஸிங்கில் ஹாரனோடு இருக்கும் ஆபத்து 1 என்றால், ஹாரனை எடுத்ததும் அது 1.668 ஆகிறது என்பது விதியிலேயே உள்ள எண். இந்தக் கூடுதலை வேறொன்றால் ஈடுகட்ட வேண்டும். கேட்டுக்கு முன்னால் நூறு அடி நீளத்துக்கு, ஏறிக் கடக்க முடியாத சென்டர் மீடியன் கட்டினால் விபத்து 80 சதவீதம் குறையும் என்று அதே விதி மதிப்பிடுகிறது. 1.668இல் 80 சதவீதம் போனால் மிஞ்சுவது சுமார் 0.33. ஹாரனோடு இருந்த ஆபத்தில் மூன்றில் ஒரு பங்கு! சாலையை இருபுறமும் முழுக்க அடைக்கும் நான்கு கை கேட் போட்டால் 82 சதவீதம் குறையும். ஒரு தெருவை நிரந்தரமாக மூடிவிட்டால் அங்கே ஆபத்தே இல்லை. ஏற்கெனவே ஆபத்துக் குறைவாக உள்ள ஊர்கள் கேட், விளக்கு, பலகையோடு மட்டும் அனுமதி பெறவும் வழி உண்டு. ஆனால் அவற்றின் கணக்கை மத்திய நிர்வாகம் ஆண்டுதோறும் திரும்பப் பார்க்கும்.

ஆகவே ஹாரனுக்கு மாற்று உண்டு. ஹாரனைவிட நல்ல மாற்றும் உண்டு. ஆனால் அது கான்கிரீட்டும் இரும்புமாகச் சாலையில் நிற்க வேண்டிய மாற்று. “நிறுத்துங்கள்” என்ற தீர்மானம் மாற்று ஆகாது.

“செலவை ரயில் கம்பெனி ஏற்கட்டும்”

அமைதி மண்டலத்தை நிறுவும் அதிகாரம் சாலைக்குப் பொறுப்பான நகரசபைக்கோ கவுண்டிக்கோதான் உண்டு. ரயில் கம்பெனிக்கு இல்லை. மீடியன் கட்ட வேண்டியதும் நகரசபையின் சாலையில்தான். ஹாரன் போக வேண்டும், வரி ஏறக் கூடாது, எந்தத் தெருவையும் மூடக் கூடாது என்பது, பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக் கூடாது என்ற கதை. முழுச் செலவுக்கு வழியில்லாத ஊருக்கு இடைப்பட்ட வழியும் இருக்கிறது. இன்ஜின் ஊதுவதற்குப் பதிலாக, கிராஸிங் கம்பத்தில் பொருத்திய ஹாரன் சாலையைப் பார்த்து ஊதும். சத்தம் வரும் வண்டிகளை நோக்கிப் போகும். ஊர் முழுக்கப் பரவாது.

முழு அமைதியை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அமைதி மண்டலத்திலும் தண்டவாளத்தில் ஆளோ வண்டியோ தெரிந்தால் ஓட்டுநர் ஊதலாம்.

இந்த ஊர்களில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாரனை நிறுத்தச் சொல்லும் மனுவில் கையெழுத்துக் கேட்டு யாராவது கதவைத் தட்டினால், போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். அடுத்த நகரசபைக் கூட்டத்துக்குப் போங்கள். எந்தக் கிராஸிங்கில் மீடியன் கட்டப் போகிறீர்கள், எந்தத் தெருவை மூடலாம், இந்த ஆண்டு பட்ஜெட்டில் அதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை ஹாரன் ஒலிக்கட்டும்.