தோற்ற அணியின் வெற்றி வீரர்



கிரிக்கெட் ஆட்டம் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறும் வேண்டுவதில்லை. பாறசாலையிலும் காரோட்டிலும் அறுவடை முடிந்த வயல் ஒன்று காலியாகக் கிடந்தால் போதும். மாலைக்குள் அங்கே மூன்று குச்சிகள் நடப்பட்டுவிடும். ஆயினும் அகில இந்திய அணி என்ற பெயருடன் முதன்முதலாக இங்கிலாந்து சென்ற அணியைப் பற்றி அப்பிள்ளைகளிடம் கேட்டால் விடை கிடைப்பது அரிது. அந்த 1911-ஆம் ஆண்டுப் பயணத்தின் கதையை இத்திங்கள் சொல்ல விழைகிறோம்.

அதற்கு முன்னரே, 1886-இலும் 1888-இலும் பார்சி அணிகள் இங்கிலாந்து சென்று வந்ததுண்டு. எல்லாச் சமயத்தாரையும் ஒன்று சேர்த்து அனுப்பும் முயற்சியோ, யாருக்கு எத்தனை இடம் என்ற பூசலில் ஒருமுறை முறிந்தும் போயிற்று. இறுதியில் பார்சிகள் அறுவர், இந்துக்கள் ஐவர், முஸ்லிம்கள் மூவர் என அணி அமைந்தது. தலைமை ஏற்றவர் பாட்டியாலா மகாராஜா பூபேந்திர சிங். விக்கெட் காப்பாளர் நம் சென்னையில் பிறந்த சேஷாச்சாரி.

மகாராஜா ஆடியது சில ஆட்டங்களே. அவ்வாண்டு ஜூன் திங்களில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நிகழ்ந்தது. விருந்துகளுக்கும் வரவேற்புகளுக்கும் குறைவில்லை. தலைவர் இல்லாத அணி ஊர் ஊராகச் சென்று ஆடியது. மொத்தம் 23 ஆட்டங்கள். வென்றவை 6, தோற்றவை 15, முடிவின்றி நின்றவை 2. முதல்தர ஆட்டங்கள் பதினான்கில் கிட்டிய வெற்றி இரண்டே.

ரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் நமக்கு, கணக்கின் அடியில் உள்ள கூட்டுத்தொகையைக் கண்டு அமைதி கொள்ளும் பழக்கம் இல்லை. வரி வரியாகப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்த்தால், இத்தோல்விக் கணக்கின் நடுவே ஒரு பெயர் ஒளி விடுகிறது. பல்வங்கர் பாலூ என்பது அப்பெயர். இடக்கையால் மெதுவாகச் சுழற்பந்து வீசும் அவர் அப்பயணத்தில் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த ஓட்டங்கள் சராசரி பத்தொன்பதுக்கும் குறைவு. அப்போது அவர் முப்பத்தைந்து வயதை எட்டியவர். தோள் வலியைப் பொறுத்துக்கொண்டே வீசினார். இளவல் சிவராமும் உடன் சென்றார். சாமர்செட் அணியுடன் நடந்த ஆட்டத்தில் சிவராம் ஆட்டமிழக்காது சதம் அடித்து வெற்றி தேடித் தந்தார்.

இவ்விருவரும் தோல் தொழில் செய்வோர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர்கள். புனாவில் வெள்ளையர் சங்கத்தில் திங்களுக்கு நான்கு ரூபாய்ச் சம்பளத்திற்குத் தரையை உருட்டிச் சமன் செய்தவர் பாலூ. பயிற்சிக்காக அங்குள்ள துரைமார்க்குப் பந்து வீசினார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு மட்டும் அவருக்கு அளிக்கப்படவில்லை என்பர். பின்னர் இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் வீசிய பந்து வேண்டியிருந்தது. உடன் அமர்ந்து உண்ணுதல் ஆகாது என்றனர். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் பந்தலுக்கு வெளியே, மண் குவளையில் தேநீர்! அவர் கை தொட்ட பந்தைத் தொடலாம், அவர் தொட்ட குவளையைத் தொடலாகாது என்னும் இவ்விந்தைச் சாத்திரத்தை எந்த முனிவர் வகுத்தாரோ நாமறியோம்.

பம்பாய் வந்த பின் நிலை சிறிது மாறிற்று. அங்கே ஒரு ரயில்வேயில் அவருக்கு வேலையும் கிட்டியது. அதன் அணிக்கும் ஆடினார். 1906-இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபோது பாலூவின் பங்கை நாடே பேசிற்று. 1911-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய அவருக்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்டோர் பாராட்டு விழா எடுத்தனர். அவ்விழாவின் வரவேற்பிதழ், அந்நாளில் கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கருடையது என்பர்.

இதே காலத்தில் நமக்கு அணித்தே உள்ள வெங்ஙானூரில் நிகழ்ந்ததையும் எண்ணிப் பார்ப்போம். 1893-இல் அவ்வூர் அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். சாலையில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்த காலத்தில்தான் பாலூ நாட்டின் பெயரால் பந்து வீசினார்.

இத்தனை விக்கெட்டுகளுக்குப் பின்னரும் தலைமை அவரைத் தேடி வரவில்லை. 1920-இல் இந்துக்களின் அணியிலிருந்து பாலூவை நீக்கினர். தம்பியரான சிவராமும் விட்டலும் அஞ்சவில்லை. தலைமைக்குத் தகுதியைப் பாராமல் குலத்தைப் பார்ப்பதா எனக் கண்டித்து அணியினின்றும் விலகினர். அதன் பின்னர் பாலூ துணைத்தலைவராகச் சேர்க்கப்பட்டார். 1923-இல் விட்டல் தலைவரானார்; அவ்வாண்டு இந்துக்கள் அணி வெற்றியும் பெற்றது. ஆயினும் பாலூ முழுப் பொறுப்புடைய தலைவராக ஒருபோதும் அமர்த்தப்படவில்லை. 1955-இல் அவர் மறைந்தார்.

திறமையைப் பயன்படுத்திக்கொள்வது வேறு, திறமை உடையவனை மதிப்பது வேறு. பிழைப்பிற்காக ஊர் விட்டு வந்த நம்மவர்க்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் உழைப்பை வேண்டுவோர் நம் பேச்சைக் கேட்டு முகம் சுளிக்கும்போது நெஞ்சு எவ்வளவு நோகிறது! அந்நோவை அறிந்த நாமே நம்முள் ஒருவருக்கு அதனைத் தரலாமா? சங்கத்தின் விளையாட்டு விழாவில் கோடு கிழிப்பவன், பந்தல் காலை நடுபவன், தண்ணீர்க் குடம் சுமப்பவன் எவன், மேடையில் மாலை ஏற்பவன் எவன் என்று ஒவ்வோர் ஆண்டும் நாம் எண்ணிப் பார்த்தல் நன்று. அடுத்த முறை பிள்ளைகள் அணித்தலைவனைத் தேர்ந்தெடுக்கும்போது, அவன் எவர் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி பெரியோர் வாயிலிருந்து வராதிருக்கட்டும்.