லென்ஸின் விலையைத் தகுதி என்று எழுதாதீர்கள்

பத்திரிகை வேலைக்கோ கண்காட்சிக்கோ விண்ணப்பிக்கும் இளைஞர்கள், தாங்கள் எடுத்த விளையாட்டுப் படங்களில் இருபது முப்பதைத் தேர்ந்தெடுத்து போர்ட்ஃபோலியோவாக அனுப்பி, "எப்படி இருக்கு தோழர், சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். கபடி ஆடுகளங்களின் ஓரத்தில் கேமராவோடு பல வருடம் உட்கார்ந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு பட்டம் கிடையாது. ஆனால் இந்த ஆண்டு வந்தவற்றைப் பார்த்தபோதும், அவற்றைப் பற்றி மற்ற தேர்வாளர்கள் சொன்ன கருத்துகளைக் கேட்டபோதும், கோணல் படங்களில் மட்டும் இல்லை, நாம் கையில் வைத்திருக்கும் அளவுகோலிலும் இருக்கிறது என்று பட்டது.

தேர்வாளர்கள் முதலில் தேடுவது கூர்மை. முகம் தெளிவாக இருக்கிறதா, அசைவு உறைந்து நிற்கிறதா, பின்னணி கரைந்து ஆட்டக்காரர் மட்டும் துலங்குகிறாரா. மூன்றும் நல்ல படத்தின் குணங்கள்தான். ஆனால் இவற்றில் எவ்வளவு கண்ணின் உழைப்பு, எவ்வளவு காசு?

இரவு ஒன்பது மணிக்கு நடக்கும் ஒரு கிராமத்துக் கபடி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலையிலும் கம்பம் நட்டு விளக்குக் கட்டியிருப்பார்கள். பாடிப் போகிறவர் பின்னங்காலால் உதைக்கும் கணத்தை உறைய வைக்க, ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் இயங்க வேண்டும். எஃப் 2.8 திறப்புள்ள லென்ஸ் இருந்தால் ஓரளவு சுத்தமான படம் கிடைக்கும். கேமரா வாங்கும்போது கூடவே கொடுக்கிற லென்ஸ், ஜூம் செய்ததும் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். அதாவது முன்னதில் நுழையும் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை 6400லிருந்து 25600க்குத் தூக்கினால், படம் முழுக்க மணல் தூவியதுபோலப் புள்ளிகள். பெரிய மைதானங்களில் நீங்கள் பார்க்கும் அந்த நீளமான 400 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் விலை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். கூலி வேலை செய்யும் குடும்பம் ஒன்றுக்கு அது பல வருட வருமானம்.

புள்ளி விழுந்த அந்தப் படத்தைப் பார்த்து "டெக்னிக்கலா வீக்" என்று குறிப்பெழுதும் கைக்கும், நுழைவுத்தேர்வுத் தரவரிசையைப் பார்த்து "தகுதி" என்று எழுதும் கைக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒருவருக்குப் பயிற்சி மையம், இன்னொருவருக்கு லென்ஸ். வாங்கியதை வாங்கியது என்று சொல்லாமல் திறமை என்று சொல்வதுதான் இரண்டு இடத்திலும் நடக்கிறது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வாங்க முடியாததைப் பாருங்கள்.

வந்தவற்றில் ஒன்று முழுக்க முழுக்க 50 மி.மீ. லென்ஸில் எடுத்தது. பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் சின்ன லென்ஸ். ஜூம் கிடையாது, திறப்பு மட்டும் தாராளம். தூரத்தை இழுக்க முடியாததால் எடுத்தவர் தானே நகர்ந்திருக்கிறார். போனஸ் கோட்டுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து, கேமராவை முழங்கால் உயரத்தில் வைத்து ஒரு படம்: பாடிப் போனவரின் ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்றியிருக்கிறது, மறு கால் தரையை விட்டு நான்கு விரற்கடை மேலே. இடது கார்னர் கணுக்காலைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டார், இன்னும் தொடவில்லை. பின்னால் மீதி ஐந்து பேரும் தெரிகிறார்கள். கபடி தெரிந்தவர்களுக்கு இது போதும். எதிரே ஆறு பேராவது இருக்கும்போது, பின்னங்கால் அந்தரத்தில் இருந்தால்தான் போனஸ் புள்ளி. அந்த ஒரு படத்தில் விதி இருக்கிறது, புள்ளி இருக்கிறது, அடுத்த நொடியின் ஆபத்தும் இருக்கிறது. எடுத்தவர் ஆடியவராக இருக்க வேண்டும், அல்லது ஆடுகிறவர்களோடு வளர்ந்தவராக. இதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அதே வாரம் வந்த இன்னொரு தொகுப்பு, பெரிய லென்ஸில் எடுத்தது. வியர்வைத் துளி ஒவ்வொன்றையும் எண்ணலாம். இறுகிய தாடை, புடைத்த நரம்பு, கண்ணில் தெறிக்கும் தூசி. முப்பது படமும் பார்த்து முடித்த பிறகும், பாடிப் போன ஒருவராவது நடுக்கோட்டுக்குத் திரும்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டமே இல்லாத விளையாட்டுப் படங்கள். இரண்டில் எதற்கு முதலிடம் கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

(ஒரு சின்னப் புலம்பல். எந்த ஆட்டத்தை எடுத்தவராக இருந்தாலும் கடைசியில் ஒரு ஜல்லிக்கட்டுப் படத்தைச் செருகிவிடுகிறார்கள். திமிலைக் கட்டிக்கொண்டு ஒருவர், சுற்றிலும் புழுதி. அதை விட்டுவிட்டு அனுப்புகிறவருக்கு என் தனிப்பட்ட நன்றி.)

உட்காரும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். உலகில் அதிகம் பேசப்பட்ட விளையாட்டுப் படங்களில் ஒன்று, 1965 மே 25 அன்று அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரில் நீல் லெய்ஃபர் எடுத்தது. கீழே விழுந்து கிடக்கும் சோனி லிஸ்டனின் மேல் முகமது அலி கையை மடக்கி நின்று கத்துகிறார். லெய்ஃபருக்கு அப்போது 22 வயது. படத்தை உற்றுப் பார்த்தால் அலியின் கால்களுக்கு நடுவே, வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு புகைப்படக்காரர் தெரிவார். லெய்ஃபரை விட மூத்தவரான ஹெர்பி ஷார்ஃப்மன். அனுபவம் அவருக்கு அதிகம். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. அது அதிர்ஷ்டம். நம் ஊரில் இடம் அதிர்ஷ்டத்தால் மட்டும் கிடைப்பதில்லை. "தம்பி எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று விழாக்குழுக்காரர் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதைப் பொறுத்து, சிலருக்கு ஆடுகளத்தின் ஓரத்தில் நாற்காலி, சிலருக்குக் கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தோடு. கயிற்றுக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தில் பார்வையாளர்களின் தலை மறைக்கத்தான் செய்யும். அதற்காக இலவச மதிப்பெண் போடச் சொல்லவில்லை. அந்தத் தலைகளையே சட்டமாக்கி, நடுவே ஆட்டத்தைப் பிடித்தவரும் உண்டு. தலை மறைக்கிறதே என்று சும்மா சுட்டுத் தள்ளியவரும் உண்டு. அந்த வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

இனி என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் பலவீனத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் எடுக்கும் தொகுப்புகளிலும் இருப்பதால் கோபம் கொஞ்சம் அதிகம்.

சாந்தி சௌந்தரராஜன் என்றதும் உங்கள் நினைவுக்கு வரும் படம் எது? புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து வந்து, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றவர். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. 2012இல் அவர் செங்கல் சூளையில் வேலை செய்யும் படங்கள் நாடெங்கும் வந்தன. பெரும்பாலானவர்களின் மனதில் நிற்பது அந்தச் சூளைதான். அந்தப் படங்கள் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாடு தன் வீராங்கனையை எங்கே தள்ளியது என்பதற்கு அவை சாட்சி. ஆனால் அவர் ஓடிய படம் எங்கே? கடைசி நூறு மீட்டரில் அவர் தோள் எப்படி இருந்தது, எந்த வளைவில் முந்தினார் என்று காட்டும் படம் ஏன் நம் நினைவில் இல்லை?

2024இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் தலைப்புகளில் "ஆட்டோ ஓட்டுநர் மகள்" ஆனார். ஆட்டோ ஓட்டுவது கௌரவமான தொழில், அதில் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் அவர் ஸ்ட்ரைக்கரை எந்த விரலால் சுண்டுகிறார் என்பதைக் காட்டும் ஒரு படமாவது அந்தத் தலைப்பின் கீழ் வர வேண்டாமா? பணக்கார வீட்டு டென்னிஸ்காரரைப் படமெடுக்கிறவர்கள் மட்டையைப் பிடித்த கையைத்தான் எடுக்கிறார்கள். அப்பாவின் கடை வாசலில் நிற்க வைத்து எடுப்பதில்லை.

தொகுப்புகளில் இது எப்படி வருகிறது தெரியுமா? கருப்பு வெள்ளை. வெடித்த பாதம். கிழிந்த பனியன். குடிசை வாசலில் கோப்பையோடு ஒரு பிள்ளை, கண் நேராகக் கேமராவில். தேர்வாளர்கள் உருகிப்போவார்கள், "ரா", "பவர்ஃபுல்" என்பார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். விளக்கக் குறிப்பை எடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை என்ன ஆடுகிறாள், கார்னரா, பாடிப் போகிறவளா, எதில் கெட்டிக்காரி என்று இந்தப் படங்களில் ஏதாவது ஒன்று சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் அது வறுமையின் தொகுப்பு. சேரியிலிருந்து வரும் உடலை உழைக்கும் உடலாக, வதைபடும் உடலாக மட்டும் பார்த்துப் பழகிய கண், அது யோசிக்கிறது, கணக்குப் போடுகிறது, எதிராளியை ஏமாற்றுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. ஏமாற்றுவதுதானே கபடி!

சாதியைக் காட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். கட்டாயம் காட்ட வேண்டும். 2021 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்ற அன்று, ஹரித்வார் பக்கம் ரோஷனாபாத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் ஆதிக்க சாதியினர் சிலர் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அந்த வீடு, அந்த வாசல், செய்திப் படம். அதற்குச் சில நாள் முன்பு, ஜூலை 31 அன்று, அதே வந்தனா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்திருந்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். அந்த மூன்று கோல் இருக்கும் தொகுப்பில் அந்த வாசலும் இருந்தால், வாசலின் அசிங்கம் முழுதாகப் புரியும். வாசல் மட்டும் இருந்தால் அவர் வெறும் பாதிக்கப்பட்டவர்.

பின்னணி விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். "பின்னணியைச் சுத்தமாக வை" என்பது விளையாட்டுப் படத்தின் பாலபாடம். தென்மாவட்டக் கபடிப் போட்டிகளில் அந்தப் பின்னணியில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாதித் தலைவர் படம் போட்ட பேனர், சாதிக் கொடியின் நிறத்தில் பனியன், மணிக்கட்டில் அதே நிறக் கயிறு. அழகியல் என்ற பெயரில் இதையெல்லாம் வெட்டியெறிந்தால் மிஞ்சுவது ஒரு பொய்யான "மண்ணின் விளையாட்டு". 'பைசன்' பார்த்துவிட்டுக் கபடியை எடுக்கப் போனவர்களும், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசனின் பெயரைச் சொல்கிறவர்களும் அந்த பேனரை மட்டும் கவனமாகத் தவிர்ப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. தொகுப்பில் ஓர் அகலப் படமாவது இருக்கட்டும். பேனர், பரிசு கொடுக்கும் மேடை, மேடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே யார் நிற்கிறார்கள் எல்லாம் தெரியும்படி. ஆனால் பள்ளிப் பிள்ளையின் கையில் இருக்கும் கயிற்றை முகத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில், பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அந்த நிறங்களால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான்.

விளக்கக் குறிப்பைப் பலர் கடைசி நாள் இரவு எழுதுகிறார்கள் போலிருக்கிறது. "கபடி வீரர், தென் தமிழகம்" என்று ஒரு வரி. அதற்கடுத்த படத்தில் கோப்பை கொடுப்பவரின் பெயரும் பதவியும் மட்டும் முழுசாக இருக்கும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கருப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தி நிற்கும் படம் உங்களுக்குத் தெரியும். ஸ்மித் வலது கை, கார்லோஸ் இடது கை. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடிக் கையுறைதான் இருந்தது. முன்னால் சும்மா நிற்பதுபோலத் தெரியும் வெள்ளைக்காரர், ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன். அவர் மார்பிலும் மனித உரிமைக்கான அதே சின்னம் குத்தியிருக்கிறது. சொல்லாவிட்டால் அவர் வேடிக்கை பார்த்தவர், சொன்னால் தோழர். ஒரு வரிக் குறிப்பு ஒரு மனிதரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிறுத்திவிடுகிறது. ஆடியவர் பெயர், அணி, எதிரணி, ஸ்கோர், தேதி. இவ்வளவு போதும். பிள்ளைகள் என்றால் வீட்டில் கேட்டுவிட்டுப் பெயர் போடுங்கள்.

50 மி.மீ. தோழருக்கு நான் எழுதிய பதில் இவ்வளவு நீளமில்லை. முப்பதில் பன்னிரண்டை எடுத்துவிடச் சொன்னேன். ஒரே ரெய்டின் மூன்று படங்களை வரிசையாக வைத்திருந்தார், போனஸ் கோட்டுப் படம் மட்டும் போதும். எல்லாமே ஆடுகளத்தின் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை, அதனால் பிடிக்கிறவர்களின் முகமே இல்லை; அடுத்த போட்டியில் எதிர்ப்பக்கம் போய் உட்காரச் சொன்னேன். பெண்கள் ஆட்டம் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டேன். பெண்கள் ஆட்டம் மதியம் இரண்டு மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள், அப்போது தனக்கு டெலிவரி வேலை என்றார். மதிய வெயிலில் ஷட்டர் வேகத்துக்குக் குறைச்சலே இருக்காது, ஒரு நாள் லீவு போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.