நாலரைக்கே ராத்திரி!

அமெரிக்காவுக்கு ஆன்ஸைட் போகும் தம்பிமார்களுக்கு விசா, ஜாக்கெட், பருப்புப்பொடி பற்றியெல்லாம் அட்வைஸ் சொல்ல ஊரே இருக்கிறது. நவம்பர் மாசத்துக் காட்டைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. நான் திறக்கிறேன்.

அக்டோபரில் சிவப்பும் மஞ்சளுமாக இலை பார்க்கத் திருவிழாக் கூட்டம் வரும். கார் நிறுத்த இடம் கிடைக்காது. நவம்பர் கடைசியில் ஈ காக்காய் இருக்காது. இலை கொட்டிவிட்டதால் அடுத்த மலையும் கீழே ஏரியும் கிளைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். சத்தம் என்று பார்த்தால், பூட்ஸுக்கடியில் சருகு அப்பளமாக நொறுங்குவது மட்டும்தான்.

மரம் ஏன் இலையை உதிர்க்கிறது? நான் பி.காம். எனக்கு இது வருஷக் கடைசிக் கணக்காகத்தான் தெரிகிறது. வெயில் குறைந்தால் வருமானம் குறைவு. இலையைப் பராமரிக்கும் செலவோ அதிகம். எனவே நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சொத்துக்களை முடிந்தவரை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்படியில் ஒரு தடுப்பு கட்டி, மிச்சத்தை 'ரைட்-ஆஃப்' பண்ணிவிடுகிறது.

வில்லங்கமே அந்த ரைட்-ஆஃபில்தான். அதற்கடியில் வேர், கல், பள்ளம் எல்லாம் ஒளிந்திருக்கும். மழை பெய்திருந்தால் வாழைப்பழத் தோல்தான்.

நியூயார்க்கிலிருந்து சுமார் ஒரு மணி நேரக் கார் தூரத்தில் ஹாரிமன் பார்க். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,500 கிலோமீட்டர் ஓடும் அப்பலாச்சியன் ட்ரெயிலின் முதல் துண்டு 1923-ல் திறந்தது இந்தப் பக்கம்தான். போன நவம்பரில் நண்பனோடு போனேன். அரை மணியில் அவன் கேட்டான்: "மச்சி, பாதை எங்கடா?"

நியாயமான கேள்வி. நாலா பக்கமும் ஒரே பழுப்பு ஜமக்காளம். அங்கே தரையைப் பார்க்கக்கூடாது, மரத்தைப் பார்க்கவேண்டும். இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் வெள்ளைப் பெயிண்ட் பட்டை இருக்கும். மேலும் கீழுமாக இரண்டு பட்டை இருந்தால் வழி திரும்பப்போகிறது. அடுத்த பட்டையைக் காணோமா, கடைசியாகப் பார்த்த பட்டைக்கே திரும்பு.

இன்னொரு எதிரி, கடிகாரம். நவம்பர் முதல் ஞாயிறு அதை ஒரு மணி பின்னால் தள்ளிவிடுகிறார்கள். மாசக் கடைசியில் நாலரைக்கே சூரியன் ஷட்டர் இறக்கிவிடும். நாங்கள் கிளம்பியது பத்துக்கு. பன்னிரண்டே முக்காலுக்கு நான் யு-டர்ன் அடித்தேன். உச்சி கண்ணெதிரே இருந்தது. "பயந்தாங்கொள்ளி!" என்று நண்பன் வழியெல்லாம் அர்ச்சனை.

மூன்றே முக்காலுக்குக் காரை எடுக்கும்போது, கான்வாஸ் ஷூவோடு இரண்டு பையன்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். பேச்சு மதுரைப் பக்கம்.

"தம்பி, டார்ச் இருக்கா?"

"செல்போன்ல இருக்குண்ணே."

"சார்ஜ்?"

"பதினெட்டு பர்ஸன்ட்."

முதலில் முறைத்தார்கள். பிறகு எங்கள் பின்னாலேயே காரை எடுத்தார்கள். நாங்கள் ஹைவேயைத் தொடுவதற்குள் காடு கறுப்பு. நண்பன் அர்ச்சனையை நிறுத்தியிருந்தான்.

போகிறவர்கள் நெற்றி டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். மான் வேட்டை சீசன் என்பதால், வேட்டைக்கு அனுமதியுள்ள காடுகளில் ஆரஞ்சுச் சட்டை போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு வரை உண்ணி தேடுங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணிக்கு நவம்பரிலும் லீவு கிடையாது.

ரைட்-ஆஃப் பண்ணின மரம் வசந்தத்தில் புதுக்கணக்கு போட்டுவிடும். நமக்கு அந்த வசதி இல்லை, பிரதர்!