வேலையில்லாத் திண்டாட்டம் தீர்ந்ததாம்!



நம் நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் தீர்ந்துவிட்டதாம்! கொரோனா நோயினால் நாடு அடைபட்டுக் கிடந்த 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், உழைப்போர் நூற்றுக்கு 5.3 பேர் வேலையற்றிருந்தனர். 2023ஆம் ஆண்டில் அது 3.4 ஆகக் குறைந்தது. பக்கத்து இந்தோனேசியாவில் அதே ஆண்டு ஆகஸ்டு மாதக் கணக்கு 5.3. ஆகவே மலேசியத் தொழிலாளி கொடுத்து வைத்தவன்; இதற்கு மேலும் அவன் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது பேராசை! சங்கம் வாய் திறக்கும்போதெல்லாம் முதலாளிமார் தரப்பிலிருந்து வருகிற பாட்டு இதுதான்: "அண்டை நாடுகளைப் பாருங்கள்."

பார்க்கலாம். நமக்கென்ன தடை? ஆனால் தங்களுக்குத் தோதான ஒரு நாட்டை மட்டும் காட்டிவிட்டு மற்றவற்றை மறைக்கலாகாது. எல்லாவற்றையும் பார்ப்போம்.

பேராக்கின் வடகோடியில் பெங்காலான் உலுவைத் தாண்டினால் தாய்லாந்தின் பேத்தோங். அந்த நாட்டில் வேலையற்றோர் நூற்றுக்கு ஒருவர். பல ஆண்டுகளாக ஏறக்குறைய அதே ஒருவர்தான். கொரோனாக் காலத்திலும் இரண்டைச் சுற்றியே நின்றது. இந்தச் சதவிகிதந்தான் நல்வாழ்வின் அளவுகோல் என்றால், தாய்லாந்துத் தொழிலாளி நம்மைவிட மும்மடங்கு சுகமாக வாழவேண்டும். அப்படியானால் அங்கிருந்து நம் ஊர்த் தொம்யாம் கடைகளுக்கு ஏன் ஆள் வருகிறது?

விஷயம் இதுதான். வேலையில்லாமல் இருப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டும். தாய்லாந்து உழைப்பாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் மாதச் சம்பளமோ ஒப்பந்தமோ இல்லாதவர்கள். பேங்காக் தொழிற்சாலை கதவடைத்தால் ஊருக்குத் திரும்பி அப்பனின் வயலில் நாற்று நடுவார். அண்ணனின் ரப்பர் காட்டில் பால் எடுப்பார். அல்லது தெருவில் தள்ளுவண்டி தள்ளுவார். கணக்கெடுக்க வருகிறவர் அவரை "வேலையில் உள்ளவர்" என்று குறித்துக்கொள்வார். 1990களின் தொடக்கத்தில் உலக ரப்பர் உற்பத்தியில் நம்மை முந்தி முதலிடம் பிடித்த நாடு தாய்லாந்து. பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்கள் பிடித்த இடம் அது. ரப்பர் விலை சரிந்த ஆண்டுகளில் அவர்கள் வீட்டு உலை எப்படிக் கொதித்தது என்பதை அந்த "நூற்றுக்கு ஒருவர்" சொல்லுமா?

தெற்கே சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கும் தாழ்வான எண்தான். 2020ஆம் ஆண்டில் அந்தத் தீவில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வேலைகள் மறைந்தன. மறைந்தவை ஏறக்குறைய யாவும் வெளிநாட்டார் செய்துவந்த வேலைகள். சிங்கப்பூர்வாசிகளின் வேலையோ அந்த ஆண்டிலும் சற்று ஏறியது. பெர்மிட் ரத்தாகி ஊர் திரும்பியவர் சிங்கப்பூரின் வேலையற்றோர் கணக்கில் இல்லை. அவர் பெயர் வேறொரு நாட்டின் பட்டியலுக்குப் போய்விட்டது. பேராக்கிலிருந்து அங்கே பிழைக்கப் போன நம் பிள்ளைகளும் இந்த வகைதான். அதே சிங்கப்பூர் 2025 ஏப்ரலிலிருந்து வேலையிழந்த தன் குடிகளுக்கு ஆறு மாதத்தில் 6,000 சிங்கப்பூர் வெள்ளி வரை உதவித்தொகை கொடுக்க முன்வந்தது. எண் தாழ்வாயிருந்தால் கவலையில்லை என்று அந்த அரசாங்கமே நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கடல் கடந்து இலங்கை. 2022இல் அந்த நாடு கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். அந்த ஆண்டு அங்கே வேலையற்றோர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை! அதே ஆண்டில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போயினர். மலைநாட்டில் கொழுந்து பறிக்கிற நம் உறவினர்களுக்கு அன்றும் வேலை இருந்தது. விலைவாசி ஏறிய வேகத்தில் அந்த நாட்கூலி ஒரு வேளைச் சோற்றுக்குப் போதுமா என்பதுதான் கேள்வியாயிருந்தது.

ஆட்களை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்கிற வித்தை நமக்குப் புதிதல்ல. 1930களின் தொடக்கத்தில் உலக மந்தத்தால் ரப்பர் விலை பாதாளத்தில் விழுந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மலாயாவில் வேலையற்றோர் குறைந்தார்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பட்டினி கூடியது. பிறகு 1950களில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினர். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே தோட்டத்து ஜனங்கள் நடுங்கிய காலம் அது. சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது அந்த நடுக்கத்துக்குப் பதிலாகத்தான். 1969இலோ வேலை பெர்மிட் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறினர். அவர்களில் எத்தனை பேர் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள்!

இனி அந்த 3.4 எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், கூலிக்கோ லாபத்துக்கோ வேலை செய்தவர் வேலையுள்ளவர். சொந்தக் குடும்பத் தொழிலில் கூலியின்றி ஒரு மணி நேரம் உதவியவரும் அப்படியே. புந்தோங்கில் மாமன் வீட்டில் கச்சான் வறுக்கக் கைகொடுத்த பையனுக்கும் அந்த வாரம் வேலை உண்டு! இது புள்ளிவிவர இலாகா வஞ்சகமாக வகுத்த விதியல்ல. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் விதி. நாடுகள் பலவும் அதைப் பின்பற்றுகின்றன. எண்ணுகிறவர்மேல் நமக்குக் கோபமில்லை. அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து "உனக்குக் குறையென்ன?" என்று கேட்கிறவரோடுதான் நம் வழக்கு.

இந்த நாட்டின் சட்டத்துக்கு வேறோர் அளவு தெரிந்திருந்தது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு நாட்கூலித் தோட்டத் தொழிலாளிக்காகவே எழுதப்பட்டது. மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடு. தொழிலாளி வரத் தயாராயிருந்தும் கொடுக்க முடியாவிட்டால் அந்த நாளுக்கும் கூலி கொடு என்றது அது. பெரட்டில் போய் நின்று, மழையைக் காரணங்காட்டித் திருப்பி அனுப்பப்பட்டு, வெறுங்கையோடு லயத்துக்கு வந்தவனின் வயிறு தெரிந்து எழுதிய சட்டம். மாதத்துக்கு 24 நாள் எங்கே, வாரத்துக்கு ஒரு மணி நேரம் எங்கே! இரண்டில் எது "வேலை" என்ற சொல்லுக்கு அருகில் இருக்கிறதென்று செக்ரோல் பார்த்த எந்தக் கிராணியையும் கேட்டுப் பாருங்கள்.

நம் தாய்மார்களின் கதை இதைவிட மோசம். ரப்பர்த் தோட்டத்தில் பெண்ணும் ஆணும் சமமாகவே மரம் சீவினார்கள். இருட்டோடு எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஐந்நூறு மரம் சீவிய அம்மாக்கள் எத்தனை பேர்! ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு அத்தனை கை வேண்டாம். செம்பனையையும் அழித்துத் தாமான் கட்டினார்கள். வேலை போன அந்த அம்மாவின் பெயர் வேலையற்றோர் பட்டியலில் ஏறியதா? இல்லை. அவர் "இல்லத்தரசி" ஆகிவிட்டார். உழைப்போர் கணக்கிலேயே அவர் கிடையாது. இன்று இந்நாட்டில் வேலை வயதுப் பெண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 56 பேர்தான் உழைப்போர் கணக்கில் நிற்கிறார்கள். மிச்சமுள்ளவர்கள் எல்லாரும் வீட்டில் இருக்க விரும்பித்தான் இருக்கிறார்களா? அவருடைய கணவர் ஈப்போவில் ஜாகா வேலைக்குப் போனார்; இரவு பன்னிரண்டு மணி நேரம் விழித்திருக்கிறார். வயது 65 தாண்டினால் அவரும் அந்தச் சதவிகிதத்தைவிட்டு வெளியே; கணக்கு 64 வயதோடு நின்றுவிடுகிறது. கட்டட வேலைத் தளத்துக் குடிசைகளில் தங்கும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தோழர்களின் வாசலுக்கோ கணக்கெடுப்பாளர் போவதே இல்லை.

படித்த பிள்ளைகளாவது தப்பினார்களா? உயர்கல்வி முடித்து வேலையில் இருப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தங்கள் படிப்புக்குக் கீழான வேலையில் இருப்பதாக அரசாங்கத்தின் புள்ளிவிவரமே கூறுகிறது. தோட்டத்தில் பிறந்து பட்டம் பெற்றவன் மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பொட்டலம் கொண்டு போகிறான். அவனும் வேலையுள்ளவன்தான். அவனைப் போன்றோருக்கென 2025இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது, நல்லது, வரவேற்கிறோம். ஆனால் 2018 முதல் நடப்பிலிருக்கும் வேலைக் காப்புறுதித் திட்டம், சம்பள ஒப்பந்தம் உள்ளவன் வேலையிழந்தால்தான் உதவுகிறது. தனித்து உழைப்பவனுக்கு ஓட்டம் நின்ற அன்றே வருமானமும் நின்றுவிடுகிறது.

"உள்ளூர் ஆள் தோட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறான்" என்ற புகாரும் உண்டு. 1,500 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளம் 2022இலும், 1,700 வெள்ளி 2025இலும் சட்டத்தினால் வந்தவை. துரைமார் மனமுவந்து கொடுத்தவையல்ல. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் நாம். நான்காம் தலைமுறை அதே லயத்துக்குத் திரும்ப மறுத்தால் அதைச் சோம்பல் என்பதா?

ஆகவே நம் கோரிக்கை சிறியது. அண்டை நாடுகளோடு ஒப்பிடட்டும். எதை ஒப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு ஒப்பிடட்டும். மாதத்தில் எத்தனை நாள் வேலை, அந்த நாள்களுக்கு எவ்வளவு கூலி, அந்தக் கூலிக்கு எத்தனை கிலோ அரிசி, வேலை போனால் எத்தனை மாதம் தாங்கலாம், தலைக்கு மேல் கூரை யாருடையது என்ற ஐந்தையும் தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்கும் நமக்கும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு வெளியிடட்டும். பேராக்கில் ஒரு தோட்டம் கைமாறும்போதும் மூடப்படும்போதும், அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் ஓராண்டு கழித்து எங்கே, என்ன வேலையில் இருக்கின்றன என்பதையும் தொழில் இலாகா கணக்கெடுக்கட்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. கோலகங்சாரிலிருந்து பாகான் டத்தோ வரை, கிளைத் தோழர்கள் தங்கள் பழைய தோட்டத்துப் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக விசாரியுங்கள்: எந்த ஆண்டு வெளியேறினார்கள், எவ்வளவு நஷ்டஈடு கிடைத்தது, இப்போது கணவனுக்கு என்ன வேலை, மனைவிக்கு என்ன வேலை, மாதத்தில் எத்தனை நாள். பெண்களின் பெயரைத் தனியாக எழுதுங்கள். "இல்லத்தரசி" என்று போடாதீர்கள், முன்பு என்ன வேலை செய்தார் என்பதைப் போடுங்கள்.