வருடா வருடம் தீரும் ‘கேஸ்’

சித்திரை பிறந்தால் ரேணிகுண்டா வெயில் 40 டிகிரியைத் தொடும். அப்போதுதான் ஏ.ஸி.யும் படுத்துக்கொள்ளும். மெக்கானிக் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “கேஸ் அயிபோயிந்தி சார்!” மூன்று கோடைகள் மறுபேச்சின்றிப் பணம் கொடுத்தேன். என் அறியாமைதான்.

ஓட ஓடச் செலவாக அது ஸ்கூட்டர் பெட்ரோல் அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். நான்காம் வருடம் நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்கச் சொன்னேன். வெளி யூனிட்டின் குழாய் இணைப்பில் சோப்பு நுரை குமிழியிட்டது! அதை அடைக்கக் கூடுதலாகக் கொடுத்ததில் வருத்தமில்லை.

பில் ஏற வேறு காரணங்களும் உண்டு. பழைய ஆர்-22 இயந்திரத்தில் இப்போதைய ஆர்-32 கேஸை நிரப்பக் கூடாது, இது தீப்பற்றக்கூடியதும்கூட. அலுமினியக் காயிலில் ஓட்டை விழுந்தால் தாமிரம்போல் எளிதில் பற்றவைக்க முடியாது. மின்னழுத்தம் ஏறி இறங்கி இன்வெர்ட்டர் ஏ.ஸி.யின் போர்டு போனாலோ, கேஸ் செலவே தேவலை என்றாகும்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லமாட்டேன். மே மாத நண்பகலில், மொட்டை மாடியில், அடுத்த வீட்டு அழைப்பு காத்திருக்க, அவர் கசிவு தேடுவாரா? மாசியிலேயே கூப்பிடுங்கள். தெலுங்கு சரளமாக வராத நம் அன்பர்களுக்கு இரண்டே சொற்கள் போதும்: “லீக் எக்கட?”